ஓரகத்தி போட்ட லிஸ்டும் நான் தட்டின வால்வும்

என்ஜின் ஹெட்டு வேலை பார்க்கிறவங்களுக்கு ஒரு வியாதி உண்டு: ரோட்டில் எந்த வண்டி போனாலும் வண்டியைப் பார்க்க மாட்டோம், எந்த வால்வு தேய்ஞ்சிருக்குன்னு காதைத்தான் கொடுப்போம். எனக்கு அதோட இன்னொரு வியாதியும் சேர்ந்துக்கிட்டது. என் ஓரகத்தி ஸ்கூட்டியில் வர்ற சத்தம் கேட்டால் எனக்கு வேற எந்தச் சத்தமும் கேட்காது.

நான் சோழபுரத்துப் பொண்ணு. ஏழாவது வரைக்கும் படிச்சேன். ராஜபாளையத்தில் வாக்கப்பட்டேன். எங்க வீட்டுக்காரரும் அவர் தம்பி செல்வமும் தென்காசி ரோட்டுப் பக்கம் பட்டறை வச்சிருக்காங்க. கார், வேன், டிராக்டர்னு எந்த வண்டிக்கு என்ஜினைப் பிரிச்சாலும் அதோட மேல்பாகம், அதான் ஹெட்டு, எங்ககிட்ட வரும். அதுக்குள்ளதான் வால்வு இருக்கு. ஒரு வால்வு காத்தை உள்ள விடும், ஒரு வால்வு புகையை வெளிய தள்ளும், ஸ்பிரிங்கு அதை இழுத்து மூடும். வால்வைப் பசை போட்டுத் தேய்ச்சு, ஒழுகாம உட்கார வைக்கிறது என் வேலை. மகளைப் பால்வாடியில் விட்டுட்டு வந்து, தட்டி மறைப்புக்குப் பின்னால உட்கார்ந்துடுவேன். வெளி ஆம்பளைங்க வந்துட்டா எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கும். மறைப்பு போட்டதே அதுக்காகத்தான்.

நல்லா படிச்சு, நல்லா பேசி, பார்க்கவும் நல்லா இருக்கிற ஓரகத்தி வந்து வாய்ச்சவங்களுக்கு நான் சொல்லப் போறது உடனே புரியும். மத்தவங்க கொடுத்து வச்சவங்க, அவங்க சும்மா வாசிச்சுட்டுப் போகலாம்.

மேசை வந்த நாள்

செல்வத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பொண்ணு எடுத்தோம். பேரு சுகன்யா. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சவ. கல்யாணம் முடிஞ்ச மூணாம் மாசம், "வீட்டுல சும்மா இருக்க முடியலக்கா"ன்னு பட்டறைக்கு வந்தாள். அவளுக்குன்னு ஒரு மேசை வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, சுத்துற நாற்காலி வந்தது. மேசையை எங்க போட்டாங்க தெரியுமா? ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில். அதுவரைக்கும் அங்க என் வால்வுத் தட்டு இருந்தது. வெளிச்சம் இல்லாம நான் எப்படி வால்வு பார்ப்பேன்னு ஒருத்தரும் கேட்கல. நானும் சொல்லல. அதுதான் என் குணம்: சொல்லவும் மாட்டேன், மறக்கவும் மாட்டேன்.

தேவதானத்தில் இருந்து ஒரு வேன் டிரைவர் வருவார். நாலு வருஷமா அவர் வண்டி வால்வு எல்லாம் என் கை பட்டதுதான். அவருக்கு அது தெரியாது. அன்னைக்கு உள்ள வந்தவர் மேசையைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், சுகன்யாவைப் பார்த்தார். எங்க வீட்டுக்காரர் தோளில் கையைப் போட்டுக்கிட்டுச் சொன்னார்: "இப்பத்தாண்ணே இது பட்டறை மாதிரி இருக்கு. இம்புட்டு நாளும் வெறும் இரும்புக் கொட்டாயால்ல கெடந்துச்சு."

காந்தம் ஒட்டின வால்வு

சேத்தூர்க்காரர் ஒருத்தர், பட்டாளத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர், டிராக்டர் ஹெட்டு கொண்டு வந்தார். புகை வால்வு ரெண்டை அவரே எங்கேயோ வாங்கி வந்திருந்தார். ரெண்டும் ஒரே மாதிரி மினுங்கிச்சு. அந்த என்ஜினுக்கு உண்டான நல்ல வால்வு எத்தனையோ என் கையில ஏறி இறங்கியிருக்கு. அதோட தலையில் காந்தம் ஒட்டாது. பழைய ரேடியோப் பெட்டியில் இருந்து எடுத்த காந்தம் ஒண்ணு வச்சிருக்கேன். வச்சுப் பார்த்தேன். ஒண்ணு ஒட்டல. ஒண்ணு லபக்குன்னு பிடிச்சுக்கிட்டது.

மறைப்புக்குள்ள இருந்து எங்க வீட்டுக்காரர்கிட்ட, "இது போலி, போட்டா சூட்டுல வளைஞ்சிரும்"னு மெதுவாச் சொன்னேன். அவர் அதை சுகன்யாகிட்ட சொன்னார். சுகன்யா அந்தப் பெரியவர்கிட்ட, இந்த இரும்புக்கு இன்ன பேரு, அந்த இரும்புக்கு இன்ன பேரு, அதுல நிக்கல் எம்புட்டு, குரோமியம் எம்புட்டுன்னு அஞ்சு நிமிஷம் விளக்கினாள். கண்டுபிடிச்சது நான், காந்தம் என்னுது, அதுல ஒட்டின பேரு மட்டும் அவளுக்கு. பெரியவர் மீசையைத் தடவிக்கிட்டே சொன்னார்: "எங்க ரெஜிமெண்டுல இருந்தா இந்தப் புள்ளைக்கு அன்னைக்கே பட்டை குத்தியிருப்பாவ. படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்யா."

ஓட்டை விழுந்த பிஸ்டன்

பொறவு ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து கதிரேசன்னு ஒருத்தர் வந்தார். முப்பது வயசு இருக்கும். கோயம்புத்தூர்ப் பக்கம் கார் ரேஸில் ஓட்டுகிறவர். அவர் ரேஸ் ஓட்டுற கார்தான் மத்த நாளில் வீட்டுக் காரும். மஞ்சப்பையில் இருந்து ஒரு பிஸ்டனை எடுத்து மேசையில் வச்சார். நடுவில் ஓட்டை. வால்வோட தலை முறிஞ்சு உள்ள விழுந்து, குத்திக் குத்தி, அப்படியே அதுலயே பதிஞ்சு போய் இருந்தது. பார்க்கவே பாவமா இருந்தது. "ஒவ்வொரு சாமானும் பெஸ்டுன்னு சொல்லித்தான் வாங்கினேன். ஒண்ணுக்கொண்ணு சேரல"ன்னார். அந்த என்ஜின் நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுத்து சுத்துமாம். அந்த வேகத்தில் உடையாத வால்வு, தளராத ஸ்பிரிங்கு, வால்வுத் தண்டு ஏறி இறங்குற குழாய், அதான் கைடு, அதுவும் தேயாததா, எல்லாத்தையும் நாங்களே தேர்ந்தெடுத்து மாட்டிக் கொடுக்கணும்னார்.

எங்க பட்டறைக்கு ரேஸ் கார் ஹெட்டு வந்தது அதுதான் முதல் தடவை. இது உடையாம தாங்கிச்சுன்னா நாலு பேர் தேடி வருவாங்க. உடைஞ்சா பட்டறை பேரு கெட்டுப் போகும், அதைவிட அந்த மனுஷன் வண்டிக்குள்ள இருப்பார். எனக்கு ஒரே ஒரு ஆசைதான். அந்த ஹெட்டுக்கு இன்ன சாமான்னு நான் சொல்லணும், நான் சொன்னதுன்னு எல்லாருக்கும் தெரியணும். மறைப்புச் சந்து வழியா எங்க வீட்டுக்காரர் முதுகைப் பார்த்துக்கிட்டே நின்னேன், திரும்புவார்னு. "சாமான் எல்லாம் யாரு பாத்து எடுப்பா?"ன்னு கதிரேசன் கேட்டார். எங்க வீட்டுக்காரர் சுகன்யாவைக் காட்டினார். "அப்பச் சரி. இன்ஜினியர் இருக்கிற பட்டறைன்னு சொன்னாவ, அதான் வந்தேன்."

எனக்கென்ன தெரியும்

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தப்போ எங்க வீட்டுக்காரர் கேட்கத்தான் செஞ்சார். அதை மறைக்கக் கூடாது. "முத்து, அந்த ரேஸ் வண்டிக்கு ஸ்பிரிங்கு எப்படிப் போடலாம்? நீ என்ன நெனைக்க?" என் மனசுக்குள்ள பதில் வரிசையா நின்னது. ரொம்ப முறுக்கான ஸ்பிரிங்கு வேண்டாம். கைடு வெண்கலத்தில் வேணும். எல்லாம் ஒரே இடத்தில் வாங்கணும். ஆனா வாயைத் திறந்ததும் வந்தது என்னவோ, "எனக்கென்ன தெரியும், நான் ஏழாங்கிளாஸு. இன்ஜினியரக் கேளுங்க."

இதை வாசிக்கிற அக்கா தங்கச்சிகளே, நீங்களும் இதைச் சொல்லியிருப்பீங்க. சொல்லிட்டு, 'அப்படிச் சொல்லாத, உனக்குத் தெரியாததா'ன்னு அவர் சொல்வார்னு காத்துக்கிட்டு இருந்திருப்பீங்க. நானும் கரண்டியைக் கையில பிடிச்சபடி காத்துக்கிட்டு இருந்தேன். அவர் ஒரு வாய் மென்னு முழுங்கினார். யோசிக்கிறார்னு நெனைச்சேன். "அதுவுஞ் சரிதான். ரசம் இருக்கா?"

குத்தம் கிடைக்காத லிஸ்டு

சுகன்யா நாலு நாள் உட்கார்ந்து லிஸ்டு போட்டாள். கதிரேசனைக் கூப்பிட்டு வச்சு ஒவ்வொண்ணா விளக்கினாள். நான் வேலை பார்க்கிற மாதிரி வால்வைச் சும்மா உருட்டிக்கிட்டே காதைத் தீட்டிக் கேட்டேன். எங்கேயாவது ஒரு தப்பு வரட்டும்னு இருந்தது எனக்கு. ரெண்டு துண்டை ஒட்டின வால்வு வேண்டாம், ஒரே துண்டில் அடிச்ச ஸ்டெயின்லெஸ் வால்வு போதும்னாள். சரி. ஸ்பிரிங்குக்குள்ள ஸ்பிரிங்கு வர்ற ஜோடி ஸ்பிரிங்கு, ஆனா கடையில இருக்கிறதிலேயே முரட்டு ஸ்பிரிங்கு கூடாது, அது வால்வை அமுக்கித் திறக்கிற கேமையும் கைடையும் தின்னுடும்னாள். அதுவும் சரி. முழுசா அமுங்கும்போது சுருள் ஒண்ணோட ஒண்ணு முட்டாம நடுவில் இடம் இருக்கணும்னாள். கைடு வெண்கலம்னாள். எல்லாம் என் மனசுக்குள்ள இருந்ததைத் திருடி எடுத்த மாதிரி இருந்தது.

ஸ்பிரிங்கு மேல ஒரு வட்டு உட்காரும், எங்க பட்டறையில் தொப்பின்னு சொல்வோம். கதிரேசன் அதை மட்டும் டைட்டானியத்தில் கேட்டார். இதுல விழுந்துடுவா, கஸ்டமர் கேட்டதுக்கு ஆமா போட்டுடுவான்னு நெனைச்சேன். அவ தலையை ஆட்டினாள். "அது லேசு சார், ஆனா ஸ்பிரிங்கு உரசி உரசித் தேஞ்சிரும். ஒவ்வொரு ரேஸுக்கும் கழட்டிப் பாக்கிறவங்களுக்குத்தான் அது. நீங்க இதே வண்டியில விருதுநகருக்கும் போவீங்க, கல்யாண வீட்டுக்கும் போவீங்க. நல்ல ஸ்டீல் போதும்." நானா இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன், இம்புட்டு அழகாச் சொல்லியிருக்க மாட்டேன். அவ தப்பா சொல்லியிருந்தா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன். கதிரேசன் சிரிச்சுக்கிட்டே எழுந்தார்: "எல்லாரும் அதப் போடு இதப் போடுன்னு விக்கத்தான் பாத்தாவ. வேண்டாம்னு சொன்ன மொத ஆளு நீங்கதாம்மா."

கண்மை

சாமான் வந்தது. வால்வுத் தண்டில் ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டுக்கும் தொப்பிக்கும் நடுவில் ரெண்டு பாதியா ஒரு சின்ன லாக்கு உட்காரும். நகத்தளவுதான் இருக்கும். மொத்த வால்வும் அந்த ரெண்டு பாதியை நம்பித்தான் தொங்குது. பதினாறு வால்வுக்கு முப்பத்திரண்டு பாதி வேணும். பெட்டியில் எட்டு குறைஞ்சது. கதிரேசன் அவசரப்படுத்தினதால் சுகன்யா வேற ஒரு இடத்தில் இருந்து எட்டு வரவழைச்சாள். அதே அளவு, அதே நிறம். ஆனா தொப்பிக்குள்ள வச்சு விரலால் திருகினப்போ எனக்கு ஏதோ சேராத மாதிரி பட்டது.

இப்படிச் சந்தேகம் வந்தா நீலப் பசை தடவிப் பார்ப்போம். எங்க ஒட்டுது, எங்க ஒட்டலன்னு காட்டிக் கொடுத்துடும். பசை டியூப் சுகன்யா மேசை டிராயரில் இருந்தது. அவகிட்ட போய்க் கேட்க எனக்கு மனசு வரல. என் பையில் மகளுக்குப் பொட்டு வைக்கிற மைச்சிமிழ் இருந்தது, நான் ஆமணக்கெண்ணெய் விளக்கில் பிடிச்ச மை. அதை லாக்கில் தடவித் தொப்பிக்குள்ள வச்சுத் திருகி எடுத்தேன். முதல்ல வந்த லாக்கு வச்ச தொப்பியில் மை சுத்திலும் அப்பிக்கிட்டது. புது லாக்கு வச்ச தொப்பியில் அடியில் மட்டும் நூல் மாதிரி ஒரு கறுப்பு வட்டம். அப்போ தொப்பியோட சரிவு வேற, லாக்கோட சரிவு வேற. எட்டாயிரம் சுத்தில் தொப்பி உருவிக்கிட்டுப் போயிடும், வால்வு உள்ள விழுந்துடும், திரும்பவும் அதே பிஸ்டன் ஓட்டை.

அப்போ எனக்கு வந்தது பயம் இல்லை. சொல்லக் கூசுது. சந்தோசம்தான் வந்தது. கதிரேசன் வந்து நிக்கும்போது, எல்லார் முன்னாலயும் இதைச் சொல்லணும்னு முடிவு பண்ணினேன். அதனால மையைத் துடைச்சு, அந்த லாக்கையே போட்டு நாலு வால்வையும் பூட்டினேன். பூட்டி முடிச்சதும் ஒவ்வொரு வால்வு நுனியிலும் பிளாஸ்டிக் சுத்தியலால ரெண்டு போடு ஓங்கிப் போடுறது என் வழக்கம். சரியா உட்காராத லாக்கு அங்கேயே தெறிச்சுடும். பன்னிரண்டு வால்வை ஓங்கித் தட்டினேன். அந்த நாலை மட்டும் பட்டும் படாமத் தட்டினேன். அந்த வழியாப் போன எங்க வீட்டுக்காரர் நின்னு பார்த்தார்: "என்ன முத்து, வால்வைத் தாலாட்டித் தூங்க வைக்கியா?"

வாய் திறக்காத அன்னைக்கு

மறுநாள் காலையில் கதிரேசன் ஒரு குட்டி லோடு வண்டியோட வந்தார். கூட ரெண்டு கூட்டாளிகள். கேம் எல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவங்க மெக்கானிக்கே மாட்டிக்குவார்னு, ஹெட்டை மட்டும் எடுத்துட்டுப் போக வந்திருந்தாங்க. நான் வீட்டில் பாத்திரம் கழுவும்போதே சொல்லிப் பழகி வச்சிருந்தேன்: "இந்த லாக்கு இந்தத் தொப்பிக்குச் சேராது. இத வாங்கினது யாரு?" அம்புட்டுதான். ஒரு மூச்சில் சொல்லிடலாம். மறைப்பு ஓரத்தில் வந்து நின்னேன். மூணு வெளி ஆம்பளைங்க, செல்வம், எங்க வீட்டுக்காரர், நடுவில் சுகன்யா. என் நாக்கு வழக்கமான இடத்தில் போய் ஒட்டிக்கிட்டது.

ஒருத்தியை நாலு பேர் முன்னால தலை குனிய வைக்கணும்னா, நாம நாலு பேர் முன்னால நிமிர்ந்து பேசத் தெரிஞ்சவளா இருக்கணும். அத்தனையும் திட்டம் போட்ட நான் இதை யோசிக்கல. அவங்க ஹெட்டை எங்க பக்கத்துத் தறியில் நெய்யுற பேண்டேஜ் துணியில் சுத்தினாங்க, ரெண்டு கட்டை மேல வச்சு வண்டியில் ஏத்தினாங்க. கதிரேசன் சுகன்யாகிட்ட போயிட்டு வர்றதாச் சொல்லிக்கிட்டு இருந்தார்: "ஞாயித்துக்கெழம ஓட்டுதேன். போன தடவ வெடிச்சப்ப வீட்டுல யாரும் பாக்கல. இந்தத் தடவ என் பொண்டாட்டி புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போறேம்மா."

சுத்தியல்

அந்தப் புள்ளைக்கு என்ன வயசோ எனக்குத் தெரியாது. என் மக வயசாத்தான் நெனைச்சுக்கிட்டேன். சுத்தியல் கையில இருந்தது. மறைப்பைத் தாண்டி, மேசையைத் தாண்டி, வாசலுக்குப் போய், சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு வண்டியில் ஏறிட்டேன். யாரும் தடுக்கல. என்னை அங்க அவங்க பார்த்ததே இல்லை, தடுக்கணும்னு அவங்களுக்குத் தோணல. துணியை விலக்கினேன். அந்த நாலில் முதல் வால்வில் ஓங்கி ஒரு போடு. ஒண்ணும் ஆகல. நான்தான் தப்பா நெனைச்சுட்டேனோன்னு தோணுச்சு. ரெண்டாவதில் போட்டேன். டங்குன்னு ஒரு சத்தம். லாக்கு ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம், தொப்பி வண்டியோட தகரத்தில் அடிச்சுத் தெருவில் உருண்டது. ஸ்பிரிங்கு எம்பி நின்னது. வால்வு வழுக்கிக் கீழே இறங்கிடுச்சு.

எங்க வீட்டுக்காரர்தான் முதல்ல பேசினார். "ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? கண்ணுல பட்டிருந்தா?" குனிஞ்சு லாக்கை எடுத்துக்கிட்டு வண்டியை விட்டு இறங்கினேன், இடுப்புச் சுருக்கில் இருந்த மைச்சிமிழைத் திறந்தேன், தடவினேன், உருண்டு கிடந்த தொப்பியில் வச்சுத் திருகி, சுகன்யா கண்ணுக்கு நேரே நீட்டினேன். அடியில் நூல் மாதிரி கறுப்பு வட்டம். அவ படிச்சவ, ஒரு வார்த்தை தேவைப்படல. முகம் வெளுத்துப் போச்சு. ஆனா தலை குனியல. நேராக் கதிரேசனைப் பார்த்துச் சொன்னாள்: "சார், இது என் தப்பு. எட்டு லாக்கு வேற எடத்துல வாங்கினேன். சரிவு எம்புட்டுன்னு கேக்காம வாங்கிட்டேன். இது இப்படியே போயிருந்தா உங்க என்ஜின் போயிருக்கும்." நான் சொல்ல நெனைச்ச அம்புட்டையும் அவளே சொல்லிட்டாள், அதையும் என்னைவிட நல்லாச் சொல்லிட்டாள். கதிரேசன் அந்த லாக்கை வாங்கி ரொம்ப நேரம் புரட்டிப் பார்த்தார். பொறவு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இந்த அக்கா இம்புட்டு நாளும் எங்க இருந்தாவ?"

மறைப்புக்கு உள்ளே வந்தவள்

ஹெட்டை இறக்கி உள்ள வச்சாச்சு. அவங்க போயாச்சு. சுகன்யா முதல் தடவையா மறைப்புக்கு உள்ள வந்து, என் பக்கத்தில் இருந்த டப்பா மேல உட்கார்ந்தாள். சுத்துற நாற்காலியில் உட்கார்ற மாதிரியேதான் அதுலயும் உட்கார்ந்தாள்.

"அக்கா, நேத்தே ஒங்களுக்குத் தெரியும்ல?"

நான் மைச்சிமிழைத் திறந்து திறந்து மூடினேன். "தெரியும்."

"என் மேல உள்ள கோவத்துலயா சொல்லல?"

"ஆமா."

அழுவாள்னு நெனைச்சேன், இல்லைன்னா கத்துவாள்னு. ரெண்டுக்கும் நான் தயாரா இருந்தேன். அவ ரெண்டும் செய்யல. அந்த நேரம் பார்த்து வெளியில் இருந்து எங்க வீட்டுக்காரர் குரல் வந்தது. "முத்து, நேத்து அந்த நாலை மட்டும் ஏன் மெதுவாத் தட்டுன?" என் உயிரு என்கிட்ட இல்லை. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள சுகன்யா சொன்னாள், "நான்தான் மாமா அக்காவ அவசரப்படுத்தினேன். சீக்கிரம் முடிங்கன்னேன்." அவர் உம்முன்னு சொல்லிட்டுப் போயிட்டார். படிச்சிருக்கா, பேசுறா, அழகா இருக்கா. அதெல்லாம் பத்தாதுன்னு நல்லவளாவும் இருந்து தொலைச்சுட்டாள். இதுக்கு மேல ஒருத்தி மேல பொறாமைப்பட என்ன வேணும், சொல்லுங்க. அவ எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கிட்டே சொன்னாள்: "அடுத்த தடவ மொதல்ல என்கிட்ட சொல்லிருங்க. பொறவு எம்புட்டு வேணா திட்டுங்க, நான் கேட்டுக்கிடுதேன்."

தட்டுற அக்கா

தொப்பி வாங்கின இடத்தில் இருந்தே எட்டு லாக்கும் வந்தது. நீலப் பசை டியூப் என் தட்டில் இருந்தது. அதை யார் கொண்டு வந்து வச்சாங்கன்னு நான் கேட்கல. முப்பத்திரண்டு பாதியையும் ஒண்ணு விடாமப் பசை போட்டுப் பார்த்தேன், பதினாறு வால்வையும் கை வலிக்கத் தட்டினேன். ஞாயித்துக்கிழமை வண்டி முழுசா ஓடிச்சு. அடுத்தடுத்து நாலைஞ்சு ரேஸ் ஓடின பொறவு கதிரேசன் ஹெட்டைப் பிரிச்சுக் கொண்டு வந்து காட்டினார். ஸ்பிரிங்கு தளரல, கைடு ஆடல, தொப்பியில் ஒரு கீறல் இல்லை.

அன்னைக்கு அவர் கூட்டாளி ஒருத்தரும் தன்னோட ஹெட்டைத் தூக்கிக்கிட்டு வந்திருந்தார். அவர் ரேஸுக்கெல்லாம் போகிறவர் இல்லை, ரோட்டில் வேகமாப் போகணும், அவ்வளவுதான். சுகன்யா லிஸ்டைக் கையில எடுத்துக்கிட்டு எழுந்தாள். கதிரேசன் மேசையைத் தாண்டி நேரா மறைப்புகிட்ட வந்து நின்னார். "தட்டுற அக்கா இருக்காவளா? லிஸ்டு சரியா இருக்கும், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. அக்கா ஒரு வார்த்த சொல்லிட்டா நிம்மதி." எல்லாரும் என் பக்கம் திரும்பினாங்க. நாக்கு ஒட்டத்தான் பார்த்தது. அதை இழுத்துப் பிரிச்சு, தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னேன். "ரேஸுக்குப் போகலேன்னா ஜோடி ஸ்பிரிங்கு வேண்டாம். ஒத்த ஸ்பிரிங்கு நல்லதாப் போட்டாப் போதும், ரொம்ப வருஷம் ஒழைக்கும்." ஒரு வெளி ஆம்பளைகிட்ட பட்டறையில் நான் பேசின முதல் பேச்சு அது. அந்தக் கூட்டாளி உடனே தலையாட்டினார். சுகன்யா பேனாவை எடுத்து லிஸ்டில் ஒரு வரியை அடிச்சாள். கொஞ்சம் அழுத்தித்தான் அடிச்சாள், தாள் கிழிஞ்சு போச்சு.

அவங்க போன பொறவு ரொம்ப நேரம் கம்ப்யூட்டரில் படபடன்னு தட்டிக்கிட்டே இருந்தாள். நான் வால்வைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தேன். திடீர்னு தட்டுறதை நிறுத்திட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "உண்மையச் சொல்லிருதேங்கா. அந்த ஆளு என்னத் தாண்டி ஒங்ககிட்ட வந்து கேட்டாம் பாருங்க, எனக்கு வயித்தெரிச்சல் தாங்க முடியல."

நாலு வருஷம் காலேஜுக்குப் போனவளுக்கும் ஏழாங்கிளாஸோட நின்னவளுக்கும் வயிறு ஒரே சூட்டில்தான் எரியுதுன்னு தெரிஞ்சதில் இருந்து, எனக்கு மத்தியானச் சோறு கொஞ்சம் நல்லாவே இறங்குது.